காரா, புதிய ஊரா, தங்கும் விடுதியா? சிம்ஸ் 4-இன் அடுத்த பயண வசதிக்கு ஓர் ஒப்பீடு

'சிம்' என்ற கணினி மனிதர்களின் அன்றாட வாழ்க்கையை நாமே நடத்தும் 'தி சிம்ஸ் 4' என்ற கணினி விளையாட்டை விளையாடுகிறவர்களிடம் பயணம் தொடர்பாக அடுத்து என்ன வர வேண்டும் என்று கேட்டால், பதில்கள் பெரும்பாலும் மூன்று அணிகளாகப் பிரிந்துவிடுகின்றன. கார், ரயில், விமானம் என்று போகும் வழியையே விளையாட்டின் பகுதியாக்க வேண்டும் என்பது முதல் அணி. முழுக்கச் சுற்றுலாவுக்கென்றே ஒரு புதிய ஊரைத் தர வேண்டும் என்பது இரண்டாவது. சிம்கள் அறை எடுத்துத் தங்கவும், விரும்பினால் தாமே முதலாளியாக இருந்து நடத்தவும் கூடிய விடுதிகள் வேண்டும் என்பது மூன்றாவது. விளையாட்டை உருவாக்குபவர்களுக்கு ஆளுக்கு ஒரு கோரிக்கை எழுதி அனுப்புவது என்று நானும் தங்கையும் முடிவு செய்தபோது, அவள் யோசிக்காமல் காருக்கு எழுதினாள். நான் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு விடுதிக்கு எழுதினேன். அந்த ஒப்பீட்டைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கும் எண்ணம் இல்லை.

இந்த ஆசைகளில் எதுவுமே புதியது அல்ல. 2000-இல் வெளிவந்த முதல் சிம்ஸுக்கு 2002-இலேயே 'வெக்கேஷன்' என்ற விரிவாக்கம் (தனியே வாங்கி விளையாட்டோடு சேர்த்துக்கொள்ளும் கூடுதல் பகுதி) வந்துவிட்டது. கடற்கரை, பனி, காடு என்று மூன்று பகுதிகள் கொண்ட ஒரு தீவுக்குக் குடும்பத்தோடு போய் விடுதியிலோ கூடாரத்திலோ தங்கலாம். சிம்ஸ் 2-க்கு 2007-இல் வந்த 'பான் வாயேஜ்' டுவிக்கி தீவு, த்ரீ லேக்ஸ், டகேமிசு கிராமம் என்ற மூன்று இடங்களையும், வரவேற்பு மேசையில் அறை எடுத்துத் தங்கும் முறையையும் தந்தது. சிம்ஸ் 3-க்கு 2009 நவம்பரில் வந்த 'வேர்ல்ட் அட்வென்சர்ஸ்' சீனா, பிரான்ஸ், எகிப்து ஆகிய மூன்று நாடுகளுக்கு அழைத்துச் சென்றது. 2013-இல் வந்த 'ஐலண்ட் பேரடைஸ்' ரிசார்ட்டை வாங்கி நடத்தவும் வழி செய்தது. ஆக, ரசிகர்கள் கற்பனையில் மட்டும் கண்ட ஒன்றைக் கேட்கவில்லை. முந்தைய மூன்று விளையாட்டுகளிலும் கைக்கு எட்டியிருந்தவை 2014 செப்டம்பரில் வந்த நான்காவதில் ஏன் முழுமையாகத் திரும்பி வரவில்லை என்பதே அவர்களின் கேள்வி.

சிம்ஸ் 4-இல் சுற்றுலாவே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. 2015 ஜனவரியில் 'அவுட்டோர் ரிட்ரீட்' வழியாக கிரானைட் ஃபால்ஸ் என்ற காட்டுப் பகுதியும், 2018-இல் 'ஜங்கிள் அட்வென்சர்' வழியாக செல்வடோராடாவும், 2020 நவம்பரில் 'ஸ்னோவி எஸ்கேப்' வழியாக மவுண்ட் கொமொரெபியும் வந்தன. போகும் இடத்துக்குப் பஞ்சமில்லை. போன இடத்தில் நடப்பதுதான் குறை. கொமொரெபியின் பனிச்சரிவுப் பகுதியான யுகிமாட்சுவில் ஒரு வாடகை வீட்டைப் பிடித்துக் குடும்பத்தை அழைத்துப் போய்ப் பாருங்கள். புதிய இடம் தயாராகும்வரை காத்திருக்க வைக்கும் லோடிங் திரை விலகியதும் நால்வரும் வெறுங்கையோடு வாசலில் நிற்பார்கள். பெட்டி, பை எதுவும் கிடையாது. உள்ளே போன சற்று நேரத்தில் யாருக்காவது பசிக்கும். அம்மா நேராகக் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து வீட்டில் செய்வதைப் போலவே காய் நறுக்க ஆரம்பிப்பார். சாப்பிட்ட தட்டுகள் மேசையிலும் தரையிலும் கிடக்கும். அவற்றை எடுத்துக் கழுவப் பெரிய பெண்ணைத்தான் ஏவ வேண்டும். மறுநாள் காலையில் குளியலறைக் குழாய் பழுதாகி நீர் பீய்ச்சினால், பனிச்சறுக்குப் பலகையோடு மலைக்குக் கிளம்பியிருக்க வேண்டிய அப்பா தரையைத் துடைத்துக்கொண்டிருப்பார். அக்கம்பக்கத்தில் வேறு விருந்தினர் இல்லை. சாவி கொடுப்பவரும் காலை உணவு பரிமாறுபவரும் இல்லை. ஊரும் வானமும் மாறியிருக்கின்றன. வீட்டு வேலை மட்டும் கூடவே வந்திருக்கிறது. மூன்று யோசனைகளையும் நான் எடைபோடுவது இந்தக் காட்சியை வைத்துத்தான்: இதை எது மாற்றும், எத்தனை காலத்துக்கு மாற்றும்?

முதலில் கார் அணியை எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் எண்ணிக்கையிலும் குரலிலும் பெரியது அதுவே. வாதம் எளிது. சிம்ஸ் 3-இல் கார் இருந்தது; வீட்டு வாசலில் ஏறி ஊரைக் கடந்து கடற்கரையில் இறங்கும்வரை கண் எடுக்காமல் பின்தொடரலாம். சிம்ஸ் 4-இல் வேலைக்குப் போகிறவர்கள் நடைபாதையில் சில அடி நடந்து மறைந்துவிடுகிறார்கள். பயணத்தின் பாதிச் சுகம் போகும் வழியில்தான் இருக்கிறது என்று தங்கை சொல்வதை நான் மறுக்கவில்லை.

என் தயக்கம் விளையாட்டின் கட்டுமானத்தைப் பற்றியது. சிம்ஸ் 3-இல் ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் உயிரோடு இயங்கியது. அதனால் சாலைக்கு ஒரு பொருள் இருந்தது. சிம்ஸ் 4-இல் நாம் இருக்கும் மனையும் (ஒரு கட்டடமும் அதன் நிலமும்) அதைச் சுற்றியுள்ள திறந்தவெளியும் மட்டுமே இயங்குகின்றன. மற்ற வீடுகள் வெளிப்புறத் தோற்றம் மட்டுமே. தெருவின் எதிர்ப்பக்க வீட்டுக்குள் நுழையவும் லோடிங் திரையைக் கடந்துதான் ஆக வேண்டும். இந்த அடித்தளத்தின் மேல் காரைக் கொண்டுவந்தால், கதவைத் திறந்து ஏறும் ஓர் அசைவூட்டம், பிறகு லோடிங் திரை, பிறகு இறங்கும் ஓர் அசைவூட்டம் என்ற அளவோடு அது நின்றுவிடும். இது வெறும் ஊகம் அல்ல. 2019 நவம்பரில் 'டிஸ்கவர் யுனிவர்சிட்டி' விரிவாக்கத்தோடு மிதிவண்டி வந்தது; சுற்றுவட்டாரத்துக்குள் அழகாக ஓட்டலாம், அதைத் தாண்டினால் பழைய லோடிங் திரைதான். காருக்கும் அதே எல்லைதான் இருக்கும். வேகம் அதிகம் என்பதால் எல்லை இன்னும் சீக்கிரம் வந்துவிடும்.

அடித்தளத்தையே மாற்றி ஊரைத் திறந்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். அதற்கான விலை என்ன என்பதைச் சிம்ஸ் 3 காட்டிவிட்டது. அதன் விண்டோஸ் பதிப்பு 32 பிட் நிரல். நினைவகத்தில் 4 ஜிபிக்கு மேல் அதனால் எட்ட முடியாது. விரிவாக்கங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற ஏற, ஊர் முழுவதையும் ஒரே நேரத்தில் இயக்கும் சுமையில் அது மூச்சு வாங்கியது. 'ஐலண்ட் பேரடைஸ்' தந்த ஐலா பாரடைசோ தீவில் படகுகள் வழி தேடித் திணறியதும் விளையாட்டு தடைப்பட்டுத் தடைப்பட்டு ஓடியதும் ரசிகர்கள் நன்கறிந்த சங்கதி. இன்றைய தொழில்நுட்பத்தில் அதே கனவைத் தொடங்கியிருக்கும் கிராஃப்டன் நிறுவனத்தின் 'இன்சோய்' 2025 மார்ச் 28 அன்று முன்னோட்ட விற்பனைக்கு வந்தது. அதில் நகருக்குள் காரை நாமே ஓட்டலாம். ஆனால் குறைந்தபட்சத் தேவையே ஆர்டிஎக்ஸ் 2060 வகை கிராபிக்ஸ் கார்டு. நண்பர் ஒருவரின் கணினியில் சிறிது நேரம் பார்த்ததைத் தவிர அதில் எனக்கு அனுபவம் இல்லை, எனவே மாதக்கணக்கில் விளையாடினால் கார் அலுக்குமா அலுக்காதா என்று தீர்ப்புச் சொல்ல மாட்டேன். 4 ஜிபி ரேம் உள்ள சாதாரண மடிக்கணினியில்கூட ஓடும் என்பதுதான் சிம்ஸ் 4-ஐ இத்தனை பேரிடம் நெடுங்காலம் கொண்டு சேர்த்தது. அந்தக் கூட்டத்தைக் கைவிட்டுவிட்டு வரும் காரில் ஏற எனக்கு மனம் இல்லை.

இந்த அணியிலிருந்து வந்த ஒரே ஒரு யோசனை மட்டும் கட்டுமானத்தைப் புரிந்துகொண்டு சொல்லப்பட்டது: ரயில் பெட்டியையே ஒரு மனையாக்கிவிடுவது. குடும்பம் நிலையத்தில் ஏறும், லோடிங் திரைக்குப் பின் பெட்டிக்குள் இருப்பார்கள், சன்னலுக்கு வெளியே காட்சி ஓடிக்கொண்டிருக்கும், விளையாட்டுக் கணக்கில் சில மணி நேரம் அங்கே சக பயணிகளோடு பேசலாம், சாப்பிடலாம், தூங்கலாம், பிறகு ஊர். இது இன்றைய அடித்தளத்திலேயே சாத்தியப்படக் கூடியது, முதல் பயணத்தில் மகிழ்ச்சியும் தரும். ஆனால் அதே வழியில் பலமுறை போகிறவர்கள் 'நேராகச் சேர்ந்துவிடு' என்ற பொத்தானைத்தான் தேடுவார்கள்.

இரண்டாவது, புதிய சுற்றுலா ஊர். இதைப் பற்றி நீட்டி எழுத அதிகம் இல்லை, ஏனெனில் இது நமக்கு அவ்வப்போது கிடைத்துக்கொண்டேதான் இருக்கிறது. புதிய ஊர் வந்த முதல் வாரம் போல் இந்த விளையாட்டில் இனிமையான காலம் வேறில்லை என்பதும் உண்மை, அந்த இனிமை மெல்லத் தேய்வதும் உண்மை. கிரானைட் ஃபால்ஸின் காட்டுக்குள் மறைந்திருக்கும் துறவியின் குடிலை ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால் அந்த மர்மம் அவிழ்ந்துவிட்டது. செல்வடோராடாவின் கோயில் மீண்டும் மீண்டும் போனாலும் பொறிகளை மாற்றிவைத்துச் சற்றே தாக்குப்பிடிக்கிறது. உள்ளூர்ப் பண்பாட்டை ஒரு திறனாகக் கற்றுக்கொள்ளும் ஏற்பாடும் அங்கே நன்றாகவே அமைந்திருக்கிறது. 2020 செப்டம்பரில் வந்த 'ஜர்னி டு பாட்டூ'வோ ஸ்டார் வார்ஸ் படங்கள் மேல் ஈடுபாடு இல்லாதவர்களுக்கு அன்னியமான கிரகமாகவே நின்றுவிட்டது. இந்த மூன்றுமே போய்வர மட்டுமே ஆனவை, குடியிருக்க முடியாது. எனவே விடுமுறை முடிந்ததும் அந்த ஊர் நம் கதையிலிருந்து விலகிக்கொள்கிறது. கொமொரெபியில் குடியும் இருக்கலாம், விடுமுறைக்கும் போகலாம் என்று வைத்ததால்தான் அது மற்றவற்றைவிட நீண்ட காலம் ஆடப்படுகிறது என்று நினைக்கிறேன்.

இந்த அணியினர் சொல்வதில் எனக்கு மிகவும் பிடித்தது ஊர் அல்ல, விசா. 'வேர்ல்ட் அட்வென்சர்ஸ்' விளையாட்டில் ஒரு நாட்டில் சாகசங்களை முடிக்க முடிக்க விசா நிலை ஒன்று, இரண்டு, மூன்று என்று உயரும். உயர உயரத் தங்கும் நாட்கள் நீளும். மூன்றாம் நிலையில் அங்கே விடுமுறை வீடு வாங்கலாம். திரும்பத் திரும்பப் போவதற்கு அது ஒரு காரணம் தந்தது. நான் எகிப்தின் கல்லறைகளிலேயே பெரும்பாலும் கிடந்தவன். பிரான்ஸும் சீனாவும் அந்த அளவுக்கு இழுத்தனவா என்பதை அங்கே அதிகம் சுற்றியவர்கள்தான் சொல்ல வேண்டும். இந்த விசா முறையை ஒரு புதிய ஊரோடு மட்டும் கட்டிப்போடாமல், ஏற்கெனவே இருக்கும் எல்லா ஊர்களுக்கும் பொதுவாகக் கொண்டுவந்தால் நான் உடனே கை தூக்குவேன்.

'பொதுவாக' என்ற அந்த நிபந்தனைதான் என்னை மூன்றாவது அணிக்குக் கொண்டுவந்தது. சிம்ஸ் 4 வெளிவந்து பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. பலரிடமும் இருபதுக்கு நெருக்கமான ஊர்கள் சேர்ந்து கிடக்கின்றன. அவற்றில் பாதிக்கு மேல் மாதக்கணக்கில் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. புதிய ஊர் அந்தப் பட்டியலில் இன்னொன்றைச் சேர்க்கும். விடுதி என்பது ஒரு மனை வகை. எந்த ஊரிலும் கட்டலாம். சுலானியின் கடற்கரையில் ஒன்று, ஹென்ஃபோர்டின் வயல்வெளி நடுவே நான்கு அறை கொண்ட சிறிய ஒன்று, சான் மைஷூனோவின் திருவிழாத் தெருவருகே ஒன்று என்று, காசு கொடுத்து வாங்கிவிட்டு மறந்துபோன ஊர்களெல்லாம் சுற்றுலாத் தலங்களாக மாறிவிடும். 2022-இல் 'மை வெட்டிங் ஸ்டோரீஸ்' தந்த டார்டோசாவை எடுத்துக்கொள்ளுங்கள். திருமணத்துக்கென்றே வடிக்கப்பட்ட அழகான ஊர். உறவினரும் நண்பரும் வேறு வேறு ஊர்களிலிருந்து வந்து சேர்வார்கள். நிகழ்வின் நேரம் முடிந்ததும் ஒட்டுமொத்தமாக மறைந்துபோவார்கள். முதல் நாள் இரவே வந்து தங்கி, மாமனார் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் காலைச் சிற்றுண்டி மேசையில் முகம் பார்த்துக்கொண்டு, மறுநாள் புறப்படும்வரை வம்பும் சமாதானமுமாகக் கழிப்பதற்கு ஓர் இடம் இல்லை. அங்கே ஒரு விடுதி இருந்தால் அந்தப் பழைய பேக்கே (கூடுதல் தொகுப்பே) புதிதாகிவிடும்.

விருந்தினராகத் தங்குவதில் என்ன வேண்டும் என்பதை விளக்கத் தேவையில்லை; வரவேற்பு மேசை, அறைச் சாவி, துப்புரவுப் பணியாளர், காலை உணவு, முன்பின் தெரியாத சக விருந்தினர்கள் என எல்லாமே 'பான் வாயேஜ்' காலத்திலேயே இருந்தவை. யுகிமாட்சுவில் தரையைத் துடைத்துக்கொண்டிருந்த அப்பாவை மலைக்கு அனுப்ப இவை போதும். நான் நீண்ட நேரம் யோசித்தது முதலாளிப் பக்கத்தைப் பற்றி. அதில் ஒரே ஒரு கேள்விதான் இந்த யோசனையை வாழவைக்கவோ கொல்லவோ போகிறது: முதலாளி இல்லாதபோது விடுதி நடக்குமா?

சிம்ஸ் 4-இல் தொழில் நடத்துவதற்கு இரண்டு விதமான ஏற்பாடுகள் இருக்கின்றன. 2015-இல் 'கெட் டு வொர்க்' தந்த கடை, 2016-இல் 'டைன் அவுட்' தந்த உணவகம், 2017-இல் 'கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' தந்த கால்நடை மருத்துவமனை ஆகியவை முதல் விதம். முதலாளி நேரில் போய்த் திறக்க வேண்டும். அவர் கிளம்பினால் தொழிலும் மூடப்பட வேண்டும். 2023 டிசம்பரில் 'ஃபார் ரென்ட்' தந்த வாடகைக் குடியிருப்பு இரண்டாவது விதம். ஒரே மனையை ஆறு பிரிவுகள் வரை பிரித்து, குடி வைத்து, விதிகளை வகுத்து, வாடகையும் ஒப்பந்தக் காலமும் நிர்ணயித்துவிடலாம்; உரிமையாளர் வேறு ஊரில் இருந்தாலும் வாடகை வந்துகொண்டிருக்கும், பூஞ்சை பிடித்தது, மின்சாரம் கெட்டது என்று புகார்களும் வந்துகொண்டிருக்கும்.

உணவகத்தை முதல் விதத்தில் வைத்தது ஒருவாறு பொருந்தியது, ஏனெனில் உணவகம் இரவில் மூடும். விடுதி மூடுவதில்லை; இரவுதான் அதன் தொழில். முதலாளி வீட்டுக்குப் போனதும் விருந்தினர்களைக் கட்டிலோடு காணாமல் போகச் செய்ய முடியாது. அதைத் தவிர்ப்பதற்காக முதலாளியை அங்கேயே கட்டிப்போட்டால், பயணத்துக்கென்று கேட்ட வசதி ஒரு சிம்மை ஊரைவிட்டு நகரவிடாத வேலையாகத் திரிந்துபோகும். எனவே விடுதி இரண்டாவது விதத்தில்தான் வர வேண்டும் என்பதை என் கோரிக்கையில் முதல் வரியாக எழுதினேன். 'ஐலண்ட் பேரடைஸ்' இதைச் சரியாகவே செய்திருந்தது. ரிசார்ட் எந்நேரமும் இயங்கும். நாம் எங்கே இருந்தாலும் வரவு செலவு நடக்கும். பணியாளர்களின் நேரத்தையும் சீருடையையும்கூட வகுக்கலாம். விருந்தினர் விமர்சனம் எழுதுவார்கள். ஐந்து நட்சத்திரம் வரை உயரலாம். போனால் மேற்பார்வை, போகாவிட்டாலும் வருமானம் என்று இருந்ததால், குடும்பக் கதையைக் கெடுக்காமல் அதன் ஓரத்தில் ஒரு தொழில் ஓடிக்கொண்டிருந்தது.

அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய இன்னொரு தந்திரமும் உண்டு. ரிசார்ட்டில் விருந்தினர் கோபுரம் என்று ஒரு கட்டடத்தை அப்படியே ஒரு பொருளாக வைக்கலாம். அதன் உட்புறம் நமக்குத் தெரியாது. விருந்தினர்கள் அதற்குள் போய் மறைவார்கள், குளத்தருகிலும் பஃபே மேசையிலும் வெளிப்படுவார்கள். சிம்ஸ் 4-இல் இதன் அருமை இன்னும் கூடும். ஒரு மனையில் ஒரே நேரத்தில் ஏறத்தாழ இருபது சிம்கள் வரைதான் விளையாட்டு அனுமதிக்கிறது. ரசிகர்கள் தாமே எழுதும் 'மாட்' நிரலைப் போட்டால்தான் அதைக் கூட்ட முடியும். பணியாளர் நால்வர், நம் குடும்பத்தார் நால்வர் போக மிச்சம் பன்னிரண்டு பேர். அவர்களை அறைக்குள் படுக்கவைத்து வீணாக்குவதைவிட, பாதிப் பேரைக் கோபுரத்துக்குள் கணக்கில் மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை முகப்பிலும் குளத்தருகிலும் உலவவிட்டால் இடம் நிறைந்து தெரியும். நம் குடும்பம் தங்கும் ஓரிரு அறைகள் மட்டும் உண்மையாகக் கட்டப்பட்டிருந்தால் போதும்.

நம் ஆட்டத்தைச் சேமித்துவைக்கும் சேவ் கோப்பின் பராமரிப்பையும் இங்கேயே சேர்த்து யோசிக்க வேண்டும், ஏனெனில் ஆண்டுக்கணக்கில் ஒரே குடும்பத்தைத் தலைமுறை தலைமுறையாக ஆடுகிறவர்களுக்கு அழகைவிட அது முக்கியம். 'ஃபார் ரென்ட்' குடியிருப்பில் ஒவ்வொரு பிரிவிலும் ஒரு முழுக் குடும்பம் தன் உடைமைகளோடு பதிவாகிறது. நிரந்தரக் குடிகளுக்கு அது சரி. விடுதிக்கு வாரம் ஒரு கூட்டம் வந்து போகும். ஒவ்வொருவருக்கும் அப்படி ஒரு பதிவைத் திறந்துகொண்டே போனால் கோப்பு வீங்கிவிடும். விளையாட்டில் ஏற்கெனவே திரியும் ஊர்க்காரர்களையே விருந்தினர்களாக அழைத்து, அவர்கள் கிளம்பியதும் அறையைப் பழைய நிலைக்குத் தானாகத் திருப்பிவிட வேண்டும். நகர்த்திய நாற்காலி, உடைந்த விளக்கு, கட்டிலடியில் கிடக்கும் தட்டு எல்லாம் துப்புரவுப் பணியாளர் வந்துபோனதாகக் கணக்கிட்டுச் சரியாகிவிட வேண்டும். எதிர்வீட்டுப் பெண்மணியே வேறு ஊர் விடுதியில் பக்கத்து அறையிலிருந்து வெளிப்பட்டால் கதைக்கும் அது கொண்டாட்டம்.

பராமரிப்பில் இன்னொரு பக்கமும் இருக்கிறது: கவனிக்காவிட்டால் சரிய வேண்டும். வாங்கிவிட்டு மறந்துவிட்டாலும் நாள்தோறும் சிமோலியன் (சிம்களின் பணம்) கொட்டும் விடுதி சில தலைமுறைகளிலேயே பணத்தைப் பொருளற்றதாக்கிவிடும். குளத்தைச் சுத்தம் செய்ய ஆள் வைக்காவிட்டால் நட்சத்திரம் குறைய வேண்டும்; குறைந்தால் வாடகையைக் குறைக்க வேண்டிவர வேண்டும்; பாட்டி ஐந்து நட்சத்திரமாக வைத்திருந்ததைப் பேரன் இரண்டாக்கிவிட்டுப் பாதி விலைக்கு விற்கும் நிலை வர வேண்டும். இப்போது மனையை விற்கும்போது நிலமும் அதன்மேல் உள்ள பொருட்களும்தான் விலையாகின்றன. விடுதிக்கு நட்சத்திரமும் விலையில் சேர்ந்தால் வாங்கி, சீர்செய்து, விற்பதே தனி விளையாட்டாகும். நலிந்த விடுதியை வாங்கி நிமிர்த்துவதற்கு நான் இன்றே தயார்.

விடுதியின் பலவீனங்களையும் சொல்லிவிடுகிறேன். பெரிய அச்சம் பணியாளர்களின் அறிவு. 'டைன் அவுட்' உணவகங்களில் சாப்பாடு மேசைக்கு வருவதற்குள் வாடிக்கையாளர் பொறுமை இழப்பதை விளையாடிய எவரும் அறிவார். அதே மந்தம் வரவேற்பு மேசைக்கு வந்தால், குடும்பம் பாதி விடுமுறையைச் சாவிக்காகக் காத்திருந்தே கழிக்கும். சாவி வாங்குவது மட்டுமாவது ஒரே சொடுக்கில் முடிய வேண்டும். தொழில் நடத்துவதையே வெறுக்கிறவர்கள் பலர். அவர்களுக்காக, யாருக்கும் சொந்தமில்லாத விடுதிகள் ஊரிலேயே தயாராக இருக்க வேண்டும். கட்டடக் கலையில் மட்டும் ஆர்வம் கொண்டவர்களுக்கு விடுதி என்ன, எதுவானாலும் ஒன்றுதான். அவர்கள் நாற்காலி வகைகளைப் பார்த்துத்தான் வாக்களிப்பார்கள்.

2025 அக்டோபரில் வந்த 'அட்வென்சர் அவெய்ட்ஸ்', கிப்பி பாயிண்ட் என்ற ஊரோடு, சுற்றுலாவின் அட்டவணையையும் நோக்கத்தையும் நாமே வகுத்துக்கொள்ளும் வசதியைத் தந்தது. இனி விடுதி எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். அதை நான் மேலோட்டமாகவே ஆடியிருக்கிறேன், ஆகவே உறுதியாகச் சொல்லத் தயங்குகிறேன். பார்த்த அளவில் அது பகலில் என்ன செய்வது என்பதற்கு நல்ல விடையாக இருக்கிறது. இரவு எங்கே, யாரோடு, யாருடைய பராமரிப்பில் தங்குவது என்பதற்கு விடுதிதான் விடை. இரண்டும் ஒன்றையொன்று விலக்கவில்லை. கோடைக்கால முகாமுக்கு அட்டவணை போட்டுவிட்டு அதை ஒரு விடுதியில் நடத்த முடிந்தால், இரண்டு பேக்குகளுக்கும் கொடுத்த காசு செரிக்கும்.

பெட்டி கட்டுவது, ஊர் ஊராக நினைவுப்பொருள் வாங்கி அலமாரியில் அடுக்குவது, பாட்டிக்கு அஞ்சலட்டை அனுப்புவது, நீண்ட பயணத்தால் வரும் களைப்பு போன்ற சிறு யோசனைகளை நான் போட்டியில் சேர்க்கவில்லை. அவை எந்த அணி வென்றாலும் ஓரமாகச் சேர்த்துவிடக் கூடியவை. அஞ்சலட்டை மட்டும் கட்டாயம் வேண்டும்.

கடைசியாக விலை. விரிவாக்கம் ஒன்று 39.99 டாலர், அதைவிடச் சிறிய தொகுப்பான கேம் பேக் 19.99 டாலர் என்பதே இந்த விளையாட்டில் நெடுங்காலமாக இருந்துவரும் கணக்கு. விரிவாக்கம் என்றால் பெரும்பாலும் ஒரு புதிய ஊரும் கூடவே வரும். விடுதிக்கு அது தேவையில்லை என்பதுதான் என் வாதமே. 'டைன் அவுட்' புதிய ஊர் எதுவுமின்றி, எல்லா ஊர்களிலும் உணவகம் கட்டும் வசதியை மட்டும் வைத்துக்கொண்டு கேம் பேக்காக வந்தது. விடுதியும் அதே உருவில், அதே விலையில், 'ஃபார் ரென்ட்' இல்லாதவர்களிடமும் இயங்கும்படி வந்தால் நான் முதல் நாளே வாங்குவேன். புதிய கடற்கரை ஒன்றை ஒட்டவைத்து விலையை இரட்டிப்பாக்கி, விடுதிகளை அந்தக் கடற்கரையில் மட்டும் கட்டச் சொன்னால், தள்ளுபடி வரும்வரை காத்திருப்பேன்.